செய்த கையும் வாங்கும் கையும்

தொழுநோய்ப் பிரிவில் பிசியோதெரபி பார்க்கிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு வாக்கியம் உண்டு: "எதுக்கும்மா இதெல்லாம்?" அறுவை முடிந்து, மாவுக்கட்டு பிரித்து, பயிற்சியும் முடிந்து ஊருக்குப் போனவர்கள் பல மாதம் கழித்து, உணர்ச்சியற்ற காலுக்காக நாங்கள் தரும் செருப்பை மாற்ற வருவார்கள். வந்த வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், பையிலிருந்து தாங்களே பின்னிய வயர்கூடையையோ பனையோலைப் பெட்டியையோ எடுத்து நீட்டுவார்கள். யாரும் கேட்டதில்லை, எதிர்பார்த்ததும் இல்லை. அப்போது எங்கள் வாய் தானாக அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடும். அடக்கம் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். பல பத்தாண்டுகள் இந்தக் கைகளோடு வேலை பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு வேறு. அந்தப் பொருளைக் கை நீட்டி வாங்கிக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்தும் அறுவையும் பயிற்சியும் செருப்பும் தொடமுடியாத ஓரிடத்தில் நோய் இன்னும் மிச்சம் இருக்கிறது. அங்கே கொடுப்பதால் பயன் இல்லை, வாங்கினால்தான் உண்டு. வாங்கக் கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில நியாயமானவை. அவற்றையும் எடுத்துக்கொண்டு பேசவேண்டும்.

முதலில் இந்தக் கைகளைப் பற்றி. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான இடங்களைத் தேடித் தங்கும். தோலும், தோலையொட்டி ஓடும் நரம்புகளும் அதற்கு ஏற்ற இடங்கள். முழங்கை எதிலாவது இடித்தால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுகிறதே, அந்த நரம்புதான் கையில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது. அது செயலிழந்தால் உள்ளங்கையில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் வாடிப்போகும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கி நின்றுவிடும். மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பும் சேர்ந்து கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்க முடியாமல் ஓரமாகப் படுத்துவிடும். பிறகு சட்டைப் பொத்தான் போட முடியாது, சில்லறையைப் பொறுக்க முடியாது, சோற்றைப் பிசைந்து உருட்ட முடியாது. அதே நரம்புகள் உணர்ச்சியையும் கொண்டு போய்விடுவதால் சூடான டம்ளர் சுடுவது தெரியாது, முள் தைத்தது தெரியாது. விரல்களை நோயே அரித்துத் தின்கிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. வலி தெரியாத கை தன்னையே காயப்படுத்திக்கொண்டு, அந்தக் காயங்கள் ஆறாமல் சீழ்பிடித்து, எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது என்பதைப் பொறுமையாகக் கவனித்து நிறுவியவர்களில் முதன்மையானவர் வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ராத்திரியில் தூங்கும்போது விரலை எலி கடிப்பதுகூடத் தெரியாமல் கிடக்கிறார்கள் என்று கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் அவருடைய குழுவினர் பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் தொழிலில் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு. வலி இல்லாத வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது இதைக் கேட்டால்தான் பலருக்கும் மனதில் ஏறுகிறது.

பிராண்ட் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கைகுலுக்கலால்தான். 1947 வாக்கில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் தன் கையில் பிடித்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த அந்தக் கை, டாக்டரின் கையே வலிக்கும்படி இறுக்கியது. அப்படியானால் முன்கையின் பெரிய தசைகள் நன்றாக இருக்கின்றன. கெட்டது சில நரம்புகளும் அவற்றுக்கு உட்பட்ட சின்னத் தசைகளும் மட்டும்தான். நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, கெட்ட தசையின் வேலையைச் செய்யும்படி இடம் மாற்றித் தைக்கலாம் என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. 1948இல் வேலூரில் அந்த அறுவைகள் தொடங்கின. நடுவிரலை மடக்கும் இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்து, நான்கு இழைகளாகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த முறைகளில் ஒன்று. சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் எங்கள் வேலை ஆரம்பம். இடம் மாறிய தசைக்குத் தன் புது வேலை தெரியாது, மூளைக்கும் தெரியாது. நடுவிரலை மடக்குவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, விரல்கள் நீண்டபடியே கணுவில் மட்டும் மடங்குவதைக் கண்ணால் பார்க்கவைத்துப் பழக்குவோம். அந்த அசைவு முதலில் மின்னிவிட்டு மறையும், அடுத்த நாள் கொஞ்சம் நிற்கும், பிறகு நிலைக்கும்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த வயர்கூடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் வயரை ஒரே அளவாக வெட்டி, பாதியாக மடித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து முடிச்சுப் போட்டு அடிப்பாகத்தைக் கட்டவேண்டும். பிறகு சுவர் எழும்பும். சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று வகைகள் இருக்கின்றன. எந்த வகையானாலும் ஒவ்வொரு முடிச்சுக்கும் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டிவிரல் நுனியும் எதிரெதிரே வந்து வயரைக் கவ்வி இழுக்கவேண்டும். மற்ற மூன்று விரல்கள் கூடையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். உணர்ச்சி உள்ள கைக்கு முடிச்சு இறுகியதை விரலே சொல்லிவிடும், பேசிக்கொண்டே டி.வி. பார்த்துக்கொண்டே பின்னலாம். உணர்ச்சி இல்லாத கை அப்படிச் செய்ய முடியாது. வயர் நழுவியதா, இறுகியதா, விரலை வெட்டியதா என்பதையெல்லாம் கண் சொன்னால்தான் உண்டு. நூற்றுக்கணக்கான முடிச்சுகளில் ஒன்றுவிடாமல் அவர் பார்த்திருக்கிறார் என்று பொருள். எங்களுக்கு அந்தக் கூடை ஒரு தசைப் பரிசோதனைத் தாள் மாதிரி. ஒரு பக்கம் முடிச்சு தளர்ந்திருந்தால் கவ்வும் வலு இன்னும் குறைவு என்று தெரியும். வரிசையின் தொடக்கம் இறுக்கமாகவும் முடிவு தொய்ந்தும் இருந்தால் தசை சீக்கிரம் களைக்கிறது என்று தெரியும். கைப்பிடி சுற்றிய இடம் சீராக இருந்தால் கட்டைவிரல் எழுந்து நிற்கிறது என்று தெரியும். வலுவை நாங்கள் 0 முதல் 5 வரை எண் போட்டு எழுதுகிறோம். வீட்டுக்குப் போய், யாரும் பார்க்காத நேரத்தில், அந்த வலு எதற்குப் பயன்பட்டது என்பதை அந்த எண் காட்டாது.

இதையெல்லாம் பார்த்து ரசித்துப் பாராட்டலாம், வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். வாங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த நோயின் வரலாற்றில் இருக்கிறது. 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்றுத் திரியும் நோயாளியைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழி செய்தது. பலரும் அறிந்தது அதுவரைதான். அதே சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளி தன் கையால் உணவோ பானமோ மருந்தோ உடையோ விற்பனைக்காகச் செய்வதைத் தடுக்கவும் இடம் கொடுத்தது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதையும் தடுத்தது. அதாவது அந்தக் கை செய்த பொருள் இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது என்பது நாட்டின் சட்டமாகவே இருந்தது. நாடாளுமன்றம் அதை முழுமையாக நீக்கியது 2016இல். சட்டம் போனாலும், வீட்டில் ஒதுக்கிவைத்த தட்டும் டம்ளரும் அதோடு போய்விடவில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பலர் சமையலறைக்குள் கால்வைக்க விடப்படாதவர்கள். பேரக்குழந்தைக்கு அவர் வாங்கி வந்த மிட்டாயைக்கூட நைசாக வாங்கித் தள்ளி வைத்துவிடுவார்கள். உலகம் அவருக்கு எதையாவது கொடுக்கத் தயாராக இருக்கிறது: பழைய துணி, சாப்பாடு, பண்டிகைக்குப் போர்வை. அவரிடமிருந்து வாங்கத்தான் தயாராக இல்லை. கொடுப்பதற்குத் தொடவேண்டிய அவசியமில்லை, தூரத்திலிருந்தே கொடுத்துவிடலாம். வாங்கினால் அவர் கை பட்ட பொருள் நம் கைக்கு வரும், நம் வீட்டுக்குப் போகும். ஆகவே, ஒருவர் இந்த நோயைப் பற்றிய பயத்தை உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்பதற்கு அவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது சாட்சி ஆகாது. நோயாளிக்கு இது நன்றாகத் தெரியும். கூடையை நீட்டும்போது அவர் கண் எங்கள் கையைத்தான் பார்க்கிறது.

சேவாகிராமத்தில் காந்தி தொழுநோய் கண்ட பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தினமும் கையால் எண்ணெய் தேய்த்துவிட்டதை எல்லோரும் சொல்கிறார்கள், படமும் இருக்கிறது. வடமொழி அறிஞரான அந்தச் சாஸ்திரியிடம், ஆசிரமத்தில் நடந்த ஒரு திருமணத்தை நடத்திவைக்கும் பொறுப்பைக் காந்தி ஒப்படைத்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. தேய்த்துவிட்டபோது சாஸ்திரி நோயாளி. மணமக்கள் அவர் முன்னால் உட்கார்ந்தபோது அவர் ஆசி வழங்குகிறவர்.

அன்பை நம்புவது இரண்டு பக்கத்திலும் கடினமாக இருப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. நோயாளியின் அவநம்பிக்கையை மனநோய் போலப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. காப்பகங்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தவர்கள், பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து விலக்கி வளர்த்தவர்கள், பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்களாகவே இருந்தார்கள். அன்பின் பெயரால் அடைத்துவைக்கப்பட்டவர் அடுத்து வரும் அன்பைச் சந்தேகிப்பது அனுபவத்திலிருந்து வரும் அறிவு. எங்கள் பக்கச் சந்தேகத்துக்கும் வேர் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி எதிலும் படுக்கை கிடைக்க, ஸ்ட்ரெச்சர் தள்ள, பிள்ளை பிறந்த செய்தி சொல்ல என்று காசு கைமாறும் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் நோயாளி எதை நீட்டினாலும், இதற்குப் பின்னால் ஒரு வேண்டுகோள் வரும் என்று மனம் முன்கூட்டியே பின்வாங்குகிறது. ஆக, ஏமாந்தவர் ஒருவரும் எச்சரிக்கையானவர் ஒருவரும் ஒரு கூடைக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். இதில் முதலில் நம்பவேண்டியவர் யார்? ஏற்கெனவே அதிகம் இழந்தவரை முதல் அடி எடுத்துவைக்கச் சொல்வது நியாயமில்லை. அவரோ, கேட்காமலே அந்த அடியை எடுத்து வைத்துவிட்டார்.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதலாவது விதி. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பரிசு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. மருந்துக் கம்பெனிகளிடமிருந்து டாக்டர்கள் பரிசு வாங்குவதற்கு மருத்துவக் கவுன்சில் 2009இல் தடை விதித்தது. இரண்டையும் நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பரிசு என்ற பெயரில் முடிவுகளை விலைக்கு வாங்குவது நம் ஆஸ்பத்திரிகளைக் கெடுத்த பெரிய நோய். ஆனால் அந்த விதிகள் எதைத் தடுக்க வந்தன என்று பார்க்கவேண்டும். எழுதப்போகும் மருந்துச் சீட்டையோ போடப்போகும் கையெழுத்தையோ வளைக்கக்கூடிய பொருளைத் தடுக்க வந்தவை அவை. எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு, கேட்க எதுவும் மிச்சம் இல்லாத நேரத்தில், சந்தையில் சில நூறு ரூபாய்க்குக்கூடப் போகாத ஒரு கைவேலை வருகிறது. அது எதை வளைக்கும்? அப்படியும் சந்தேகம் இருந்தால் வழி எளிது. எல்லோர் முன்னாலும் வாங்கவேண்டும், மேலதிகாரியிடம் சொல்லவேண்டும், பிரிவின் பதிவேட்டில் எழுதவேண்டும், பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பிரிவிலேயே தினசரிப் பயன்பாட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். பயிற்சி அறையில், விரல்களைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டுக்கான துணிகளைப் போட்டுவைக்கவும், களிமண், துணிச்சுருள் போன்ற பயிற்சிச் சாமான்களை எடுத்துப் போகவும் கூடை தேவைப்படுகிறது. அறுவைக்குப் பயந்து வந்திருக்கும் புது நோயாளி அந்தக் கூடையைப் பார்த்து யார் பின்னியது என்று கேட்பார். நாங்கள் சொல்லக்கூடிய எந்த ஆறுதலையும்விட அதற்கான பதில் அவருக்குத் தைரியம் தரும். சிகிச்சை நடுவில் இருக்கும்போது கொடுப்பது வேறு விஷயம். அதை, முடிந்த பிறகு கொண்டு வாருங்கள் என்று தள்ளிப்போடுவதே சரி. பணமோ நகையோ எந்தக் காலத்திலும் கூடாது.

இரண்டாவது ஆட்சேபம் ஏழ்மை. கூலிக்குப் போகிறவர், வயர் வாங்கக் காசு எங்கிருந்து எடுத்திருப்பார், அதை விற்றால் அவருக்கு ஒரு நாள் சோறாவது ஆகுமே என்று பலர் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் தன் காசை எப்படிச் செலவழிப்பது என்பதை அவருக்கு நாம் தீர்மானித்துக் கொடுக்கிறோம் என்பதை இந்த அக்கறை கவனிப்பதில்லை. நம் ஊரில் எவ்வளவு இல்லாத வீட்டிலும் வந்தவருக்கு ஒரு வாய் மோராவது கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். அந்த மோரை மறுத்தால் அந்த வீட்டை அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஏழைக்கும் விருந்தோம்பும் உரிமை உண்டு என்பதை மற்ற எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்கிற நாம், இவரிடம் மட்டும் அதைப் பறிப்பது ஏன்? நியூ லைஃப் சென்டர் என்ற மறுவாழ்வு மையத்தின் வரலாறு இதற்கு உதவும். வேலூரில் முதலில் கை சீரமைக்கப்பட்டவர்களில் சிலர் ஊருக்குப் போய்விட்டு வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்தால் காசு போடுவார்கள், நீட்டிய கைக்கு யாரும் போடுவதில்லை, வேலையும் தருவதில்லை என்பது அவர்கள் சொன்ன குறை. கை நேரானது, அந்தக் கைக்கு உலகில் இடம் மாறவில்லை. அதன்பின் நியூ லைஃப் சென்டர் தொடங்கப்பட்டு, அறுவை முடிந்தவர்களுக்கு மரவேலை கற்றுத்தரப்பட்டது. அவர்கள் மரப்பொம்மைகள் செய்தார்கள். எந்தக் கை தொட்டதைக் குழந்தைகளிடமிருந்து ஒளித்தார்களோ, அந்தக் கை குழந்தைகள் விளையாடும் பொம்மையைச் செய்தது. மறுவாழ்வு என்று இன்று நாங்கள் பாடத்திட்டத்தில் வைத்திருப்பதன் தொடக்கங்களில் ஒன்று அந்தப் பட்டறை.

மூன்றாவது ஆட்சேபத்தை எங்கள் தொழிலுக்குள் இருப்பவர்கள்தான் எழுப்புவார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. உணர்ச்சி இல்லாத கைக்குக் கைவேலையே ஆபத்து. இழுத்த வயர் தோலை அறுக்கும். பனையோலையின் விளிம்பு கீறும். வயர் நுனியை நெருப்பில் காட்டி மழுக்கும் பழக்கம் உள்ளவர் விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொள்வார். நரம்பு கெட்ட கையில் வியர்வையும் சுரக்காது. தோல் காய்ந்து, காய்ப்பு ஏறி, வெடித்து, அந்த வெடிப்பு வழியாகச் சீழ் உள்ளே இறங்கும். இப்படிச் செய்துகொண்டு வரும் பரிசை மகிழ்ச்சியோடு வாங்கினால், இன்னொன்று பின்னச் சொல்லி நாமே ஊக்குவித்து ஒரு விரலைப் பலி கொடுப்பதாகாதா? இந்தக் கேள்விக்குக் கூடையைத் திருப்பிக் கொடுப்பது பதில் ஆகாது. திருப்பிக் கொடுத்தால் அவர் பின்னுவதை நிறுத்தமாட்டார், நம்மிடம் காட்டுவதைத்தான் நிறுத்துவார்; புண்ணும் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். என் பழக்கம், கூடையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு உடனே அவர் இரண்டு கைகளையும் வாங்கித் திருப்பிப் பார்ப்பது. விரல் இடுக்கு, நுனி, கட்டைவிரலின் உள்பக்கம். சிவப்பு, கொப்புளம், சூடு இருக்கிறதா? வயர் எந்த இடத்தில் அழுத்தியது என்று அவரையே காட்டச் சொல்வேன். அங்கே துணி சுற்றிக்கொள்வது, கொஞ்ச நேரம் பின்னிவிட்டு நிறுத்திக் கையைப் பார்ப்பது, நுனியை மழுக்க நெருப்பின் பக்கமே போகாமல் கத்தரித்து உள்ளே செருகிவிடுவது, ராத்திரி கையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சொரசொரப்பான கல்லில் காய்ப்பைத் தேய்த்து ஈரம் காயுமுன் எண்ணெய் பூசுவது என்று பேச்சு அங்கிருந்து போகும். அறிவுரையாக நூறு முறை சொன்னபோது காதில் ஏறாதது, தான் செய்த பொருளைப் பற்றிய பேச்சில் ஏறிவிடுகிறது. கையைக் காப்பாற்ற அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. எதற்கும் பயன்படாத கை என்று நினைக்கிறவர் அதற்கு எண்ணெய் பூச மாட்டார். அப்படிப் பார்த்தும் புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், பின்னுவதை நிறுத்தச் சொல்லி வேறு வேலை தேடிக்கொடுக்கவேண்டும். அதைச் சொல்லும் உரிமை, முன்பு அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டவருக்கு அதிகம்.

இன்னொரு ஆட்சேபம் படித்தவர்களிடமிருந்து வரும். இலவசமான பரிசு என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு பரிசும் பதிலுக்கு ஒன்றைக் கட்டாயப்படுத்துகிறது என்று மார்சல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். பல சமூகங்களின் வழக்கங்களை ஒப்பிட்டு எழுதப்பட்ட வலுவான வாதம் அது. நம் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டிய யாருக்கும் புதிதாக இருக்காது. அதன்படி பார்த்தால் நோயாளி கொடுக்கும் கூடையும் ஒரு கடன்தான், இதில் அன்பு எங்கே என்று கேட்கலாம். மாஸ் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மொய் நோட்டில் இவர் பக்கத்தில் வெறும் வரவு மட்டும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இலவச மருந்து, இலவச அறுவை, இலவசச் செருப்பு. திருப்பிச் செய்ய வழியில்லாமல் வாங்கிக்கொண்டே இருப்பது மனிதரை எவ்வளவு குனியவைக்கும் என்பது, வாங்கும் இடத்தில் நிற்காதவர்களுக்குப் புரிவது கடினம். கூடை அந்தக் கணக்கை நேராக்குகிறது என்றால் நேராகட்டுமே. கடன் தீர்த்த நிம்மதியும் நன்றியும் பாசமும் கொஞ்சம் பெருமையும் அதில் கலந்திருக்கும். கலப்பில்லாத அன்பைத்தான் நம்புவேன் என்று காத்திருப்பவர் பெற்ற தாயையும் நம்ப முடியாது. மனம் சுத்தமா என்று சோதிப்பது எங்கள் வேலையும் இல்லை. அவர் செய்தார், கொண்டுவந்தார், பஸ் ஏறி வந்தார். நம்புவதற்கு அவ்வளவு போதும்.

அன்பைப் பேசிப் பேசி உரிமையை மறக்கடிக்கிறீர்கள் என்ற விமர்சனத்தையும் நான் மதிக்கிறேன். தொழுநோய் இருப்பதை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த தனிநபர்ச் சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள். அதன்படியான சான்றிதழும் உதவித்தொகையும் அவர்களுக்கு அலையாமல் கிடைக்கவேண்டும். இவை எதற்கும் கூடை ஈடாகாது. ஆனால் சட்டம் வீட்டுச் சமையலறைவரை வருவதில்லை. பக்கத்துவீட்டுக்காரர் அவர் கொடுத்த முருங்கைக்காயை வாங்கிக் குழம்பு வைப்பாரா என்பதை எந்த அரசாணையும் தீர்மானிக்காது. ஆஸ்பத்திரி ஊழியர்களே வாங்கத் தயங்கினால் பக்கத்துவீட்டாருக்கு என்ன சொல்வது? அந்த வீட்டில் உள்ளவர்கள், தாங்கள் ஒதுக்கியது சரிதான் என்பதற்கு எங்கள் தயக்கத்தையே சாட்சியாக வைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய மாற்றம் காலத்தைப் பற்றியது. டாப்சோன் என்ற மருந்து மட்டும் இருந்த நாட்களில் மாத்திரை பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொடரும். 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இன்று கிருமி அதிகம் உள்ளவருக்கு 12 மாதம், குறைவாக உள்ளவருக்கு 6 மாதம். 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. தொழுநோய்க்கென்று தனியாக இருந்த பணிகள் பொதுச் சுகாதார நிலையங்களோடு இணைந்தன. இவை எல்லாம் மகத்தான வெற்றிகள். அந்தப் பழைய நாட்கள் திரும்பவேண்டும் என்று நினைக்கிறவன் நானில்லை. ஆனாலும் நாட்டில் இன்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. நரம்பு கெட்டபின் வருகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். மருந்து தருகிறவர் வேறு, உணர்ச்சியற்ற தேமலைக் கண்டுபிடித்தவர் வேறு, அறுவை முகாமில் தைத்தவர் வேறு, பயிற்சி கொடுத்தவர் வேறு என்று ஆகிவிட்டதில், கூடை பின்னிவிட்டு அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நோயாளிக்குத் தெரியவில்லை. செருப்புக் கொடுக்கும் நாளிலாவது, முன்பு பயிற்சி கொடுத்தவர் அங்கே இருக்கும்படி செய்வது செலவில்லாத ஏற்பாடு. அந்தக் கையை மறுபடி பார்க்கவேண்டிய மருத்துவத் தேவையும் அவருக்கு இருக்கிறது. அறுவைக்குப் பிறகு மாதங்கள் கழித்துத்தான் இடம் மாறிய தசை சரியாக நிலைத்ததா என்று தெரியும்.

கடைசியாக, பயிற்சிப் பட்டறைகளில் செய்யப்படும் பொருள்கள் யாருக்குச் சொந்தம் என்பது. கவ்வும் வலுவுக்காக நோயாளிகள் பின்னும் கூடை, நெய்யும் துண்டு, அறுக்கும் மரச்சாமான் எல்லாம் பல இடங்களில் நிறுவனத்தின் கணக்கில் போய்விடுகின்றன. கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பார்கள், வரும் விருந்தினருக்கு நிறுவனத்தின் பெயரால் கொடுப்பார்கள், விற்பனைக்கும் வைப்பார்கள். மூலப்பொருள் நிறுவனத்துடையது என்பது அதற்குச் சொல்லும் காரணம். செய்தவருக்குக் கூலி கொடுத்தால் அது வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. கூலி இல்லாத பயிற்சிப் பொருள் செய்தவருக்கே போகவேண்டும். ஒரு வயர்க்கட்டின் விலை ஒரு ஸ்ப்ளின்ட்டின் விலைக்கு அருகில்கூட வராது. ஸ்ப்ளின்ட்டை எழுதிக் கொடுக்கும் அதே சீட்டில் வயரையும் எழுதலாம். வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் அவர் பின்னிய கூடை ஒன்று இருக்கட்டும். அதை மகளுக்குக் கொடுப்பாரோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தவருக்குக் கொடுப்பாரோ, தானே கடைக்கு எடுத்துப் போவாரோ, அது அவர் முடிவு.